உப்புத்தோலை ஏன் காய வைக்கிறீர்கள்?

கேள்வி: ஐயா, நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கிறேன். சுற்றியுள்ள ஏழெட்டுக் கடைகளின் தோலையும் நானே வாங்கிச் சேர்த்து திருச்சி வியாபாரிக்கு அனுப்புகிறேன். கோடையில் பிரச்சினை இல்லை. ஐப்பசி பிறந்தால் தலைவலி. சாயங்காலம் எல்லாத் தோலும் வந்து சேர்ந்ததும், தோலுக்கு இரண்டு கைப்பிடி உப்புப் போட்டு இரண்டு நாள் அடுக்கி வைக்கிறேன். பிறகு தகரக் கொட்டகையில் கம்பியில் தொங்கவிடுகிறேன். பகலில் கொஞ்சம் காய்ந்த மாதிரி வெள்ளை பூக்கிறது. விடிந்து பார்த்தால் மறுபடி சொட்டச் சொட்ட ஈரம். பத்து நாள் ஆனாலும் அதே கதைதான். இந்தத் தடவை சதைப்புறத்தில் சிவப்பாகப் படர்ந்துவிட்டது. சிலதில் முடியும் கையோடு வருகிறது. காயாத தோலை எடுக்க மாட்டேன் என்று வியாபாரி பாதி விலை சொல்கிறார். ஃபேன் போட்டும் பலனில்லை. வெயில் கிடைக்கும்போது கருவாடு மாதிரி மணலில் விரிக்கலாமா? சுண்ணாம்போ சாம்பலோ தடவினால் ஈரத்தை இழுக்குமா? மழையில் நோய் வந்து செத்த ஆட்டின் தோலையும் சிலர் கொண்டு வருகிறார்கள், வாங்கலாமா? கையில் இருக்கும் சரக்கை என்ன செய்வது?

பதில்: ஐப்பசி, கார்த்திகையில் கடலோரத்தில் உப்புப் போட்ட தோல் காயாது. உங்கள் கொட்டகையிலோ ஃபேனிலோ கோளாறு இல்லை. உப்பின் குணமே அப்படி.

சமையலறை உப்பு ஜாடி மழைக்காலத்தில் நீர்த்துப் போகிறதே, அதே சங்கதிதான். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல் இருந்தால் உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே போனால்தான் உப்புநீரிலிருந்து தண்ணீர் ஆவியாகப் போகும். குளிர் நாளோ வெயில் நாளோ, இந்த 75 என்கிற எல்லை பெரிதாக மாறுவதில்லை. கொண்டல் காற்று அடிக்கிற உங்கள் ஊரில் மழை மாதங்களில் விடியற்காலை ஈரப்பதம் 85, 90 என்று நிற்கும். மதியம் மழை விட்டால் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான்.

இப்போது கம்பியில் தொங்கும் உங்கள் தோலைப் பாருங்கள். இரவு முழுக்க அதன் மேல் இருக்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் கரைகிறது. கரைந்த உப்புநீர் தோலின் கீழ் நுனிக்கு வந்து சொட்டுகிறது. பகலில் மேற்பரப்பு மட்டும் லேசாக உலர்ந்து வெள்ளை பூக்கிறது. அன்றிரவு மறுபடி இழுத்து, மறுபடி சொட்டுகிறது. பத்து நாள் தொங்கவிட்டதில் தோலின் ஈரம் குறையவில்லை. உப்புதான் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஃபேன் போட்டால் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். ஈரக்காற்றை வேகமாக மேலே அடித்தால் ஈரம்தான் வேகமாக ஏறும்.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது நோக்கத்தை. தோல் ஏன் கெடுகிறது? உரித்த தோலில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரில் பாக்டீரியா பெருகி, புரதத்தைத் தின்கிறது. அதை நிறுத்த இரண்டு வழி உண்டு. தண்ணீரை எடுத்துவிடலாம், அல்லது தண்ணீரை இருந்த இடத்திலேயே விட்டு, பாக்டீரியா பிழைக்க முடியாத அளவுக்கு அதில் உப்பை ஏற்றிவிடலாம். கோடையில் நீங்கள் இரண்டையும் அரைகுறையாகச் செய்கிறீர்கள், வெயில் காப்பாற்றிவிடுகிறது. மழைக்காலத்தில் முதல் வழி அடைபட்டுப் போகிறது. இரண்டாவதை முழுசாகச் செய்ய வேண்டும்.

ஒழுங்காக உப்பேறிய ஈர உப்புத்தோலில் 40 முதல் 48 சதவீதம் வரை தண்ணீர் இருக்கும். தொட்டால் ஈரம் தெரியும், ஆனால் சொட்டாது. அது கெடுவதும் இல்லை. ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ திண்டுக்கல்லிலோ எந்தத் தோல் ஷாப்பிலும், அதாவது தோல் பதனிடும் ஆலையிலும், தோல் போய் இறங்கியதும் நடக்கிற முதல் வேலை என்ன தெரியுமா? உப்பை உதறிவிட்டுத் தண்ணீரில் ஊறப்போடுவதுதான். பச்சைத்தோல் இருந்த நிலைக்கு அதைத் திரும்பக் கொண்டுவந்தால்தான் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியும். முறுகக் காய்ந்த தோல் ஊற அதிக நேரம் பிடிக்கும். மடித்த இடத்தில் விரிசல் விடும். நீங்கள் படாதபாடு பட்டுக் காய வைப்பதை அவர்கள் மறுநாளே நனைக்கப் போகிறார்கள்.

உங்கள் வியாபாரி 'காயாத தோல்' என்று சொல்வது பெரும்பாலும் நீர் வடியாத, உப்பேறாத, வாடை அடிக்கிற தோலைத்தான். லாரியில் ஏற்றினால் ஒழுகி மற்ற சரக்கையும் கெடுக்கும் என்பது அவர் பயம். மழைக்காலத்துக்கு நன்றாக வடித்த ஈர உப்புத்தோல் போதுமா என்று அவரிடமே நேராகக் கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்று சொல்லும் வியாபாரியை நான் அதிகம் பார்த்ததில்லை.

சரி, உப்பு எவ்வளவு? இரண்டு கைப்பிடி என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு தாராளமான கையாக இருந்தாலும் 200 கிராமுக்கு மேல் வராது. கணக்குப் போடுவோம். இரண்டு கிலோ பச்சைத்தோலில் சுமார் 1.3 கிலோ தண்ணீர். 100 கிராம் தண்ணீர் அதிகபட்சம் 36 கிராம் உப்பைக் கரைத்துக்கொள்ளும். அப்படியானால் உள்ளே இருக்கிற தண்ணீர் முழுவதும் உப்பால் நிறைவதற்கு மட்டும் 470 கிராம் தேவை. நீங்கள் போடும் 200 கிராம் முழுதும் உள்ளே போனதாகவே வைத்துக்கொண்டாலும் நிறைவு 43 சதவீதம்தான். தோல் கெடாமல் நிற்க 85 சதவீதத்துக்கு மேல் வேண்டும். போதாக்குறைக்கு, உப்புநீராக ஓடிப்போகும் உப்பும் இருக்கிறது. கரையாமல் மேலே நிற்க வேண்டிய உப்பும் இருக்கிறது. அதனால்தான் ஆட்டுத்தோலுக்கு எடையில் 40 முதல் 50 சதவீதம் என்று வைத்திருக்கிறார்கள். இரண்டு கிலோ தோலுக்கு 800 கிராமிலிருந்து ஒரு கிலோ. மழைக்காலத்தில் ஒரு கிலோவே போடுங்கள். உப்புக் காசு கூடும்தான். பாதி விலைக்குத் தோலைக் கொடுப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். உப்பைக் கூட்டச் சொல்கிற நானே, அந்த உப்பு போகிற இடத்தையும் பார்த்தவன். பாலாற்றுப் படுகையில் நிலத்தடி நீர் உப்பானதற்குத் தோல் ஊறவைத்த தண்ணீரும் ஒரு காரணம். 1996இல் உச்ச நீதிமன்றம் வரை போன விவகாரம். அதனால் உதிர்ந்த உப்பையும் வடிந்த உப்புநீரையும் வயலிலோ வாய்க்காலிலோ விட்டுவிடாதீர்கள். ஒரு சிமென்ட் தொட்டியில் பிடியுங்கள். வெயில் மாதத்தில் அதுவே வற்றி உப்பாகிவிடும். எடுத்துக் கழிவாகத் தனியே வையுங்கள். மறுபடி தோலுக்குப் போட வேண்டாம். ஏன் என்பதற்கு அந்தச் சிவப்பு விஷயத்துக்குப் போக வேண்டும்.

சதைப்புறத்தில் படர்ந்த சிவப்பு எங்கிருந்து வந்தது? உப்பிலிருந்தே வந்தது. உப்பில்தான் வாழ்வேன் என்று அடம்பிடிக்கிற ஒரு வகை நுண்ணுயிர் இருக்கிறது. வேதாரண்யம் பக்கம் உப்பளங்களில் உப்பு விளையும் தருணத்தில் பாத்தித் தண்ணீர் இளஞ்சிவப்பாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள்; அதில் இதற்கும் பங்கு உண்டு. உங்கள் ஊர்க் கருவாட்டில் சில நேரம் சிவப்புத் தட்டுமே, அதுவும் இதே கூட்டம்தான். அதனால் கருவாட்டு வழி தோலுக்கு உதவும் என்று நினைக்க வேண்டாம். மழைக்காலத்தில் கருவாட்டுக்காரர்களுக்கும் உங்கள் பாடுதான். இந்த உயிருக்கு வெதுவெதுப்பும் ஈரமும் காற்றும் வேண்டும். உங்கள் தகரக் கொட்டகை மூன்றையும் வாரி வழங்குகிறது.

சிவப்பு மட்டும் இருந்து தோல் உறுதியாக இருந்தால் உடனே பெரிய சேதம் இல்லை. ஆனால் அது ஒரு மணி அடிக்கிறது: இன்னும் சில நாள் இதே நிலையில் வைத்தால் சதைப்புறம் பிசுபிசுத்து, நார் தளர ஆரம்பிக்கும். ஒரு முறை சிவப்புத் தட்டிய தோலிலிருந்து உதிர்ந்த உப்பைக் கூட்டி அள்ளி அடுத்த தோலுக்குப் போட்டால், விதை நெல் தெளித்த மாதிரி. பல இடங்களில் சிக்கனம் என்று இதைச் செய்கிறார்கள். வருஷா வருஷம் சிவப்பு வருவதற்கு அதுவே காரணம்.

உப்பு வாங்குவதில் இன்னும் ஒரு நுணுக்கம். பாத்தியிலிருந்து புதிதாக வாரிய உப்பில் கசப்புநீர் ஒட்டியிருக்கும். அதில் மெக்னீசியம் குளோரைடு உண்டு. சாப்பாட்டு உப்பு 75 சதவீதத்தில்தான் ஈரம் இழுக்கிறது என்றால், இது 33 சதவீதத்திலேயே இழுத்துக் கரைந்துவிடும். புது உப்புப் போட்ட தோல் சித்திரை வெயிலிலும் நசநசவென்று இருப்பது இதனால்தான். ஒரு மழை நனைந்து, கசப்பு வடிந்து போன பழைய அம்பாரத்து உப்பாகக் கேட்டு வாங்குங்கள். உங்களுக்கு வேதாரண்யம் பக்கம்தானே. மழைக்கு முன்னாலேயே, புரட்டாசிக்குள், பருவம் முழுவதுக்கும் வேண்டியதை வாங்கி பலகை மேல் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடிவிடுங்கள். பரல் சைஸ் நடுத்தரமாக, அதாவது ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் இருக்கட்டும். மாவு உப்பு ஒரே இடத்தில் கட்டியாகி, அவசரமாகக் கரைந்து ஓடிவிடும். பெரிய கல்லுப்பு தோலில் முழுக்கப் படாமல் இடைவெளி விடும், அந்த இடைவெளியில் அழுகல் துவங்கும்.

முடி கையோடு வருவது வேறு நோய். அதற்கு உப்பின் அளவைவிட நேரம்தான் குற்றவாளி. முடியின் வேர்க்கால் தோலின் மிக மென்மையான இடம். பாக்டீரியா முதலில் தின்பது அதைத்தான். அதிகாலை நாலு மணிக்கு உரித்த தோல் சாயங்காலம்தான் உங்களிடம் வருகிறது. அதற்குள் சாக்கில் ஒன்றோடு ஒன்று அமுங்கி, உடல் சூடு ஆறாமல் பன்னிரண்டு மணி நேரம். அந்தச் சாக்குக்குள் கை விட்டுப் பாருங்கள், தெரியும். அதன் பிறகு எத்தனை உப்புப் போட்டாலும் போன முடி போனதுதான். உரித்த நாலைந்து மணி நேரத்துக்குள் உப்புப் பட வேண்டும்.

இதற்கு வழி, நீங்கள் போய் அள்ளிக்கொண்டு வருவதற்கு முன்பே கடைகளிலேயே உப்பைப் போட வைப்பதுதான். ஒவ்வொரு கடைக்கும் ஒரு மூட்டை உப்பும் ஒரு பிளாஸ்டிக் கூடையும் கொடுத்துவிடுங்கள். உரித்த தோலைச் சாக்கில் திணிக்காமல் கொடியில் சற்று நேரம் ஆறவிட்டு, சதைப்புறத்தில் உப்பைத் தேய்த்து வைக்கச் சொல்லுங்கள். உப்புக்கான காசை நீங்கள் ஏற்றுக்கொண்டு, முடி உறுதியாக இருக்கும் தோலுக்கு ரெண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் தானாகச் செய்வார்கள். கத்திக்காயம் இல்லாத தோலுக்கும் அப்படிக் கொடுங்கள். அது வேறு கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

உங்கள் கொட்டகைக்கு வந்த பிறகு செய்ய வேண்டியது இது. கடையில் உப்புப் போடாமல் வந்த தோலில் இரத்தமும் சாணியும் இருந்தால் நல்ல தண்ணீரில் ஒரு அலசு அலசி, அரை மணி நேரம் வடிய விடுங்கள். ஈரம் சொட்டச் சொட்ட உப்புப் போட்டால் உப்பு ஓடித்தான் போகும். சதைப்புறத்தில் ஒட்டிய கறியையும் கொழுப்பையும் சுரண்டி எடுங்கள். கொழுப்பு இருக்கிற இடத்தில் உப்பு இறங்காது. வால் அடியிலும் கழுத்திலும் அழுகல் வருவது இதனால்தான். பிறகு தரையிலிருந்து அரை அடி உயரத்தில், ஒரு பக்கம் சரிந்த மாதிரி மரச் சட்டம் போட்ட மேடை. அதன் மேல் உப்பு தூவி, முதல் தோலை முடிப்புறம் கீழே, சதைப்புறம் மேலே விரியுங்கள். ஓரம் மடங்காமல், கால், கழுத்து எல்லாம் நீட்டி விட வேண்டும். உப்பைக் கொட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் தேய்த்துப் பரப்புங்கள். அதன் மேல் அடுத்தது, அதுவும் முடிப்புறம் கீழே. இப்படியே இடுப்பு உயரம் வரை போதும். அதற்கு மேல் போனால் அடியில் சூடு கட்டும்.

இந்த அடுக்கில் ஒரு வசதி உண்டு. உள்ளே இருக்கும் தோல்களுக்கு வெளிக் காற்றே படாது. எண்பதா தொண்ணூறா என்ற கவலை மேல் தோலுக்கும் ஓரங்களுக்கும் மட்டும்தான். அதனால் மேலே கனமாக ஒரு உப்புப் படலம் போட்டு, சுத்தமான தார்ப்பாயால் மூடிவிடுங்கள். கீழே வடிகால் மட்டும் திறந்திருக்கட்டும். உப்புநீர் தேங்கி, அதில் அடித்தோல் ஊறிக்கொண்டிருக்கக் கூடாது. மூன்றாம் நாள் அடுக்கைப் பிரித்து, மேலே இருந்ததை அடியில் போட்டு, உப்பு கரைந்து போன இடத்தில் புதிதாகத் தூவி மறுபடி அடுக்குங்கள். ஆட்டுத்தோலுக்கு ஒரு வாரம் போதும். மாட்டுத்தோலாக இருந்தால் இரண்டு மூன்று வாரம் கேட்கும்.

முடிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தோலை விரித்தால் சதைப்புறத்தில் கரையாத உப்புப் பரல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அது இல்லையென்றால் உப்புப் போதவில்லை என்று அர்த்தம். நாலாக மடித்து அழுத்தினால் ஈரம் கசியலாம், ஒழுகக் கூடாது. இன்னும் உறுதி வேண்டுமென்றால் உப்பளத்தில் தண்ணீரின் அடர்த்தி பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் மிதக்க விடுவார்களே, அதை ஒன்று வாங்கி வையுங்கள். மேடையிலிருந்து வடியும் தண்ணீரில் அதை விட்டால், பாமே என்கிற அதன் அளவில் 24, 25 டிகிரி காட்ட வேண்டும். 20க்குக் கீழே இருந்தால் அன்றைக்கே உப்பைக் கூட்டிவிடலாம், தோல் கெட்ட பிறகு தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இதெல்லாம் ஆன தோலைச் சதைப்புறம் உள்ளே வரும்படி மடித்துக் கட்டி, நிழலில் மூடி வைத்தால் நிம்மதியாக ஒரு மாதம் நிற்கும். அதற்கு மேல் வைக்க முடியாது என்றில்லை. நம் ஊர்ச் சூட்டில் ஏன் வம்பு, மாதத்துக்குள் அனுப்பிவிடுங்கள்.

வெயிலில் விரிக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். மணலோ சிமென்ட் தரையோ தகரமோ, நேர் வெயிலில் சூடேறினால் ஈரமான தோல் அதன் மேல் வேகும். ஈரத்தோலின் நார் 60, 65 டிகிரியில் சுருங்கிக் கூழாகிவிடும். அதற்கு முன்பே சேதம் தொடங்கிவிடும். தோலிலிருந்து வச்சிரப் பசை காய்ச்சுவதும் இந்த வழியில்தானே. இன்னொரு ஆபத்து, வேகமான வெயிலில் மேலும் கீழும் ஏடு கட்டியதுபோல் இறுகிவிடும். நடுவில் ஈரம் சிக்கிக்கொண்டு உள்ளுக்குள் அழுகும். பார்த்தால் அருமையாகக் காய்ந்த தோல். தோல் ஷாப்பில் ஊறப்போட்டு, சுண்ணாம்பில் இறக்கும்போது கொப்புளமாகக் கிளம்பி ஓட்டை விழும். அப்போதுதான் உங்கள் பெயர் அடிபடும்.

'உப்பே போடாமல் காய வைத்தால் ஈரம் இழுக்காதல்லவா' என்று அடுத்த கடிதம் வரும் என்று தெரியும். உப்பில்லாத தோல் ஓரிரு நாளில் உலர வேண்டும், இல்லாவிட்டால் அழுகும். கார்த்திகையில் அது நடக்காது. உலர்ந்த பிறகும் சும்மா இருக்காது. பறை அடிப்பவர்கள் மழை நாளில் அடிக்கொரு தரம் தீயில் காட்டுவது, உப்பில்லாத தோலும் காற்றின் ஈரத்தைக் குடித்துத் தளர்ந்துவிடுவதால்தான்.

காய வைத்தே தீர வேண்டிய நிலை உண்டு: லாரி வராது, மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டும், அல்லது வாங்குபவர் உலர்தோல்தான் கேட்கிறார். அப்போதும் ஒரு வாரம் உப்பில் ஊறி முடிந்த தோலைத்தான் உலர்த்தத் தொடங்க வேண்டும். சில நூறு ரூபாயில் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் கிடைக்கிறது. அதைக் கொட்டகையில் மாட்டுங்கள். 65க்குக் கீழே இருக்கும் நேரத்தில் மட்டும் தோலை விரித்துத் தொங்கவிட்டு ஃபேன் போடுங்கள். எழுபதைத் தொட்டதும் எடுத்து அடுக்கித் தார்ப்பாயால் மூடிவிடுங்கள். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது இது சுலபம். பக்ரீத் இப்போதெல்லாம் மே, ஜூனில் வருவதும் உங்களுக்குச் சாதகம். ஐப்பசியில் இப்படிப்பட்ட நேரம் நாளுக்கு இரண்டு மணி கிடைத்தால் அதிகம்.

அதனால் மழைக்காலத்தில் உலர்த்துவதென்றால் மூடிய அறை வேண்டும். காற்றைக் கொஞ்சம் சூடாக்கினாலே அதன் ஈரப்பதம் மளமளவென்று இறங்கும். 26 டிகிரியில் 90 சதவீதம் இருக்கும் காற்றை 34 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 57 சதவீதம் ஆகிவிடும், ஒரு சொட்டுத் தண்ணீரை வெளியே எடுக்காமலே. அடியில் காற்று நுழைய வழியும், மேலே ஈரக்காற்று வெளியேற வழியும் விட்டு, 35 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் தோல் உலரும். தோலில் புகை படியக்கூடாது; அடுப்பு வெளியே இருந்து சூடு மட்டும் குழாய் வழியே உள்ளே வரட்டும். ஈரம் உறிஞ்சும் டீஹ்யூமிடிஃபையர் இயந்திரம் வைத்தும் செய்யலாம், அப்போது அறையை முழுக்க அடைத்துவிட வேண்டும். இரண்டிலும் செலவு இருக்கிறது. நாற்பது ஐம்பது ஆட்டுத்தோலுக்கு அது கட்டுப்படியாகாது என்பது என் அபிப்பிராயம்.

சுண்ணாம்பு பற்றிக் கேட்டபோது சிரிப்பு வந்துவிட்டது, தப்பாக நினைக்காதீர்கள். தோல் ஷாப்பில் முடியைக் கழற்றுவதற்கே சுண்ணாம்பில்தான் போடுகிறார்கள். ஏற்கெனவே முடி தளர்ந்த தோலுக்கு அதைத் தடவினால் மிச்சமும் வந்துவிடும். சாம்பலும் காரம்தான், கூடவே கறையும் பிடிக்கும். படிகாரம் போட்டால் தோலின் தன்மையே மாறி, பிறகு பதனிடும்போது இடக்குச் செய்யும். ஃபார்மலின் போட்டால் விறைத்துப்போய் ஊறவே ஊறாது. சிவப்பைத் தடுக்க, சலவைச் சோடாவை உப்பின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்து போடலாம், 100 கிலோ உப்புக்கு 2 கிலோ. ஆப்பச் சோடா வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். போரிக் அமிலமும் சிலர் சேர்ப்பதுண்டு. வாங்குபவரைக் கேட்காமல் அதில் இறங்காதீர்கள். யாராவது பழைய காலத்து மருந்து என்று பென்டாக்ளோரோபீனால் கொண்டுவந்து நீட்டினால் தொடாதீர்கள், 1991லேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அது கலந்த தோலை ஏற்றுமதிக்காரர்கள் வாங்க மாட்டார்கள். உப்பிலோ தோலிலோ சந்தேகம் இருந்தால் சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. மாதிரி கொடுத்தால் சோதித்துத் தருவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: கம்பியில் தொங்கவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். இரும்புக் கம்பியும் துருப்பிடித்த தகரக் கூரையின் சொட்டும் தோலில் பட்டால், இப்போது மஞ்சள் புள்ளியாகத்தான் தெரியும். ஆவாரம்பட்டை, வேலம்பட்டைச் சாற்றில் பதனிடும்போது அதே இடம் மை கொட்டியது மாதிரிக் கருநீலமாக எழும். போகவே போகாது. நைலான் கயிறு அல்லது மூங்கில் போடுங்கள்.

கையில் இருக்கும் சரக்கை இன்றைக்கே கீழே இறக்கி மூன்றாகப் பிரியுங்கள். வயிற்றுப் பக்கத்திலும் விலாவிலும் கட்டை விரலால் முடியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கொத்தாக வந்தால் அது ஒரு குவியல். அதைக் கழிவு விலைக்குத் தனியாகத் தள்ளிவிடுங்கள், நல்ல தோலோடு கலந்து கட்டி அனுப்பினால் வியாபாரி மொத்தத்தையும் அந்த விலைக்கே மதிப்பார். முடி உறுதியாக, சிவப்பு மட்டும் இருப்பது இரண்டாவது. எந்தக் குறையும் இல்லாதது மூன்றாவது. மூன்றாவதுக்கு முதலில் வேலை பாருங்கள், இல்லாவிட்டால் சிவப்புக் கை அதில் பட்டுவிடும். பிளாஸ்டிக் டிரம்மில் அடியில் கரையாமல் உப்பு நிற்கும்வரை உப்பைக் கொட்டிக் கலக்கி உப்புக்கரைசல் தயார் செய்து, தோல் எடையைப் போல நாலைந்து மடங்கு இருக்கும்படி, இந்தத் தோல்களை ஒரு இரவு முழுக்க ஊறவிடுங்கள். பத்து நாளாகச் சொட்டி இழந்த உப்பு திரும்ப ஏறும். காலையில் எடுத்து வடியவிட்டு, புது உப்போடு மேடையில் அடுக்குங்கள். சிவப்புத் தட்டியதை, பழைய உப்பைச் சுரண்டி எறிந்துவிட்டு, தனி டிரம்மில் இதே மாதிரி ஊறவைத்து, சோடா கலந்த உப்புப் போட்டுத் தனி மேடையில் வையுங்கள். வெறும் தண்ணீரில் அலசாதீர்கள். இருக்கிற உப்பும் இறங்கிவிடும். இந்தச் சிவப்புக் குவியலை ஒரு வாரத்திலேயே அனுப்பிவிடுவது நல்லது. விலை கொஞ்சம் குறையும், ஆனால் பாதி விலைக்குப் போக வேண்டியதில்லை. கொட்டகைத் தரையையும் சட்டத்தையும் நன்றாகக் கழுவி, காய்ந்த பிறகுதான் அடுத்த சரக்கு.

கடைசியாக, செத்த ஆட்டுத்தோல். வாங்காதீர்கள். திடீரென்று செத்து, மூக்கிலோ வாயிலோ ஆசனவாயிலோ கறுத்த இரத்தம் உறையாமல் வடிந்திருந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும். கையில் சின்னக் கீறல் போதும். அதன் கிருமி வித்தாக மாறித் தோலிலும் மண்ணிலும் வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும். உப்பு அதை ஒன்றும் செய்யாது. அப்படிப்பட்ட ஆட்டை உரிக்கவே கூடாது, வயிற்றைக் கிழிக்கவும் கூடாது. கொண்டு வருபவரிடம் பேரம் பேசாமல், கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி ஆழக் குழியில் புதைக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே வாங்கிப் போட்டிருந்தால், அதைத் தொட்டவர் யாருக்காவது கையில், நடுப்பகுதி கறுத்த புண் வலியில்லாமல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், தோல் வேலை செய்கிறவர் என்பதையும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.